நாற்பது பக்கச் சுதந்திரம்

நம் சிற்றேடுகளில் ஆண்டுக்கொரு முறை, மார்ச் மாத இதழின் ஏதாவதொரு மூலையில், பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. வெளியிடும் இடம், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உடைமையாளர் என்று வரிசையாகப் பெயர்கள். அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே விலாசம். அதுவும் வாடகை வீடாக இருக்கும். 1956-ம் ஆண்டு விதிகள் எல்லாப் பத்திரிகைகளுக்கும் இட்ட கட்டளை இது. பிப்ரவரி கடைசி நாளுக்குப் பின் வரும் முதல் இதழில், மொத்த மூலதனத்தில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்கள் உட்பட, பத்திரிகை யாருடையது என்று வாசகனுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு காற்புள்ளி இடம் மாறிவிட்டதென்று நாலு பக்கம் கடிதம் எழுதுகிற நம் வட்டத்தில், இந்த அறிவிப்பைப் படித்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. பெரிய பத்திரிகைகளில் அதைத் தேடிப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு. படித்திருந்தாலும் பல சமயம் கிடைத்திருப்பது மனிதரின் பெயரல்ல, இன்னொரு கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனி யாருடையது என்று கேட்டால் மூன்றாவது ஒரு கம்பெனி. என்.டி.டி.வி.யின் நிறுவனர்களுடைய கம்பெனி 2009-ல் வாங்கிய ஒரு கடனுக்குள் என்ன இருந்தது என்பது, 2022-ல் கடன் கொடுத்த கம்பெனியையே அதானி வாங்கி, கடனைப் பங்காக மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தபோதுதான் ஊருக்கெல்லாம் புரிந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளாகப் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நம்மவர்கள் சூடாக எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டுரைகள் எல்லாமே இரண்டு பாத்திரங்கள் மட்டும் உள்ள நாடகம். ஒரு பக்கம் அரசு, கையில் விலங்கோடு. மறு பக்கம் பத்திரிகை, கையில் பேனாவோடு. பத்திரிகைக்குப் பின்னால் நிற்கிற முதலாளி மேடைக்கு வருவதே இல்லை. வாசகனுக்கோ பாத்திரமே கிடையாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த நாடகத்தின் மூலப் பிரதியை எழுதியது நம் கட்டுரையாளர்கள் அல்ல. அது 1961-ல் சுப்ரீம் கோர்ட்டில் எழுதப்பட்டது.

விஷயம் இது. ஒரு நாளிதழின் விற்பனை விலை அதன் செலவை ஈடுகட்டுவதில்லை. குறைகிற பணத்தை விளம்பரக்காரன் தருகிறான். விளம்பரக்காரன் தர்மம் செய்ய வந்தவனல்ல. எங்கே விற்பனை அதிகமோ அங்கே போகிறான். அவன் போகிற இடத்தில் பக்கங்கள் கூடுகின்றன. பக்கங்கள் கூடியும் விலை கூடுவதில்லை. அதனால் வாசகன் அங்கே போகிறான். வாசகன் போனதால் இன்னும் விளம்பரம். பக்கத்துத் தெருவில் நாலு பக்க ஏடு நடத்துகிறவன், தலையங்கம் எவ்வளவு நன்றாக எழுதினாலும், இந்தச் சக்கரத்தின் முன் நிற்க முடியாது. 1954-ல் அறிக்கை தந்த முதல் பத்திரிகைக் கமிஷன் இதைப் புரிந்துகொண்டது. அதன் பரிந்துரை எளிமையானது: இத்தனை பக்கத்துக்கு இத்தனை விலைக்குக் கீழே விற்கக் கூடாது. சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது போன்ற காரியம். என்ன எழுத வேண்டும், எழுதக் கூடாது என்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1956-ல் சட்டமாயிற்று, 1960-ல் அதன் கீழ் உத்தரவு வந்தது.

எதிர்த்து வழக்குப் போட்டது பெருநகர ராட்சஸர்களில் ஒருவரல்ல என்பதுதான் இதில் விசேஷம். 1932-ல் நானாசாகேப் பருளேகர் புனாவில் தொடங்கிய 'சகாள்' என்ற மராத்தி நாளிதழ் அது. நல்ல பத்திரிகை, புனாவையும் சுற்றுப்புறத்தையும் மனதில் வைத்து நடந்த ஊர்ப் பத்திரிகை. 7 நயா பைசாவுக்கு வாரத்தில் 34 பக்கம் தந்துகொண்டிருந்தது. புது உத்தரவுப்படி அந்த விலைக்கு 24 பக்கம்தான் தரலாம். இல்லையென்றால் விலையை ஏற்ற வேண்டும். நீதிபதிகள் சட்டத்தையும் உத்தரவையும் சேர்த்துத் தள்ளினார்கள். வியாபாரத்துக்குப் பொதுநலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்கலாம். பேச்சுக்கு அப்படி விதிக்க முடியாது, ஏனென்றால் பேச்சைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் பொதுநலன் என்று ஒன்று இல்லை. பக்கத்தைக் குறைத்தாலும் விலையை ஏற்றினாலும் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் பேச்சு குறையும். ஒருவனுடைய சுதந்திரத்தை வளர்க்க இன்னொருவனுடையதை வெட்டக் கூடாது.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது அந்தத் தர்க்கம் தொடங்கும் இடத்தில். பத்திரிகை ஒரே சமயத்தில் பேச்சும் வியாபாரமும். பேச்சுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக வியாபாரம் முழுவதும் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. விலையைக் கீழே இறக்கிப் போட்டியாளனை ஒழிப்பது மற்ற எந்தச் சரக்கில் நடந்தாலும் அதற்குப் பெயர் வேறு. காகிதத்தில் அச்சிட்டுச் செய்தால் கருத்துச் சுதந்திரம். அன்றைக்குக் கோர்ட்டில் மத்திய அரசு இருந்தது, 'சகாள்' இருந்தது. சங்கிலியாக ஏடுகள் நடத்தும் முதலாளிகளுக்கு முன்னால் நாளை நிற்கப் போகிற நாலு பக்க ஏடுகள் இல்லை. அவற்றை இழக்கப் போகிற வாசகனும் இல்லை.

பருளேகர் 1973-ல் காலமானார். 1985-ல் 'சகாள்' பவார் குடும்பத்தின் கைக்கு வந்தது. பங்குகள் பற்றி நிறுவனரின் மகள் தொடர்ந்த வழக்கு 2005-ல் அதே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்பது என் கவலை இல்லை. ஒரு ஊரின் பத்திரிகை கைமாறும்போது அந்த ஊருக்கு அதில் பேச்சில்லை. நடந்ததெல்லாம் பங்குப் பத்திர விவகாரம், இரண்டு தரப்புக்கும் இடையில்.

1972-ல் இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. அந்த ஆண்டின் காகிதக் கொள்கை பத்துப் பக்க உச்சவரம்பு வைத்தது. பல பத்திரிகைகளை வைத்திருப்பவர் ஒன்றின் காகிதத்தை மற்றொன்றுக்கு மாற்றக் கூடாது, புதிதாகத் தொடங்கக் கூடாது என்றது. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் கம்பெனியான பென்னட் கோல்மன் முதலானோர் வழக்குத் தொடுத்தார்கள், ஜெயித்தார்கள். நீதிபதி கே. கே. மாத்யு ஒருவர்தான் மாறுபட்டு எழுதினார். பேச்சுரிமை பேசுகிறவனுக்கு மட்டும் உரியதா, கேட்கிறவனுக்கும் உரியதா என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மேடைக்குப் போகும் படிகள் சிலருடைய சொந்த உடைமை ஆகிவிட்ட பிறகு எல்லோருக்கும் பேச்சுரிமை என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தார். நம் தேசத்துச் சட்டப் புத்தகங்களில் வாசகன் ஒரு பாத்திரமாகத் தலைகாட்டிய அபூர்வமான இடங்களில் அது ஒன்று. 1980-ல் மாற்றியமைக்கப்பட்ட இரண்டாவது பத்திரிகைக் கமிஷனுக்கு அவரே தலைவரானார். 1982-ல் வந்த அறிக்கை விலை–பக்க அட்டவணையை மறுபடி கேட்டது. பத்திரிகை நடத்துகிறவர்களை மற்றத் தொழில்களிலிருந்து பிரிக்கச் சொன்னது. கமிஷனுக்குள்ளேயே மறுப்புக் குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. 2014 மே மாதம் ரிலையன்ஸ் நெட்வொர்க்18-ஐக் கைக்கொள்வதாக அறிவித்தது. ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரே கை பல ஊடகங்களை வைத்திருப்பதற்கு வரம்பு வேண்டும், அரசியல் கட்சிகளை ஒளிபரப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவும் அலமாரிக்குத்தான் போயிற்று.

தமிழுக்கு வருகிறேன். நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை: 'மணிக்கொடி'யைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி. எஸ். சொக்கலிங்கம் 1934-ல் 'தினமணி'யின் முதல் ஆசிரியரானார். 1943-ல் கோயங்காவோடு முரண்பட்டு வெளியேறினார். புதுமைப்பித்தன் உட்படச் சிலர் கூடவே வெளியேறினார்கள். 1944-ல் 'தினசரி' பிறந்தது. நீண்ட நாள் நிலைக்கவில்லை. இதை நாம் ரோஷத்தின் கதையாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருக்கிறோம். புதுமைப்பித்தன் வேலையைத் தூக்கி எறிந்தார் என்பதில் நமக்கு ஒரு கிளுகிளுப்பு. அது உடைமையின் கதை என்பதை யாரும் எழுதவில்லை. ஒரு நாளிதழுக்கு நடையும் முகமும் தந்த ஆசிரியனுக்கு அதன் மேல் குண்டூசி அளவு உரிமை கிடையாது; போகும்போது பேனாவை எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். சதானந்த் தொடங்கியது கோயங்காவிடம் போனதும் வாசகனைக் கேட்டு நடக்கவில்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1977-ல் கே. பி. கந்தசாமி தொடங்கிய 'தினகரன்' 2005-ல் சன் குழுமத்தின் கைக்கு வந்தது. தொலைக்காட்சியும், வீட்டுக்கு அதைக் கொண்டு வரும் கம்பியும் ஏற்கெனவே அந்தக் குழுமத்திடம் இருந்தன. நாளிதழ் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு டீயின் விலைகூட இல்லை என்று வாசகர்கள் சந்தோஷப்பட்டார்கள். 1960-ம் ஆண்டு உத்தரவு எதைத் தடுக்க வந்ததோ அதன் சுத்தமான உதாரணம் இது. தடுக்க உத்தரவுதான் இல்லை. 2007 மே 9 அன்று, ஆளும் கட்சித் தலைவரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக் கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். குடும்பத்துக்குள் நடந்த சண்டை பின்னால் ராசியாயிற்று. முதல் கோர்ட்டில் எல்லோரும் விடுதலை. 2019-ல்தான் உயர்நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கட்சி, குடும்பம், தொலைக்காட்சி, நாளிதழ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தபின் அந்தக் கூரை சரியும்போது அடியில் அகப்படுகிறவர்கள் பங்குதாரர்கள் இல்லை.

இங்கே நண்பர்கள் குறுக்கிடுவார்கள்: 'உள்ளூர்ப் பத்திரிகை செத்துவிட்டது என்று நீ அழுகிறாய்; இன்று போல் உள்ளூர்ச் செய்தி என்றைக்கு வந்தது? மாவட்டத்துக்கு ஒரு பதிப்பு, ஊருக்கு ஒரு இணைப்பு.' வாஸ்தவம்தான். அமெரிக்காவில் 2005-க்குப் பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் பத்திரிகைகள் மறைந்துவிட்டன. அங்கே வியாதி மெலிந்து சாவது. நமக்கு வியாதி வீக்கம். 1974-ல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய 'ஈநாடு' மாவட்ட இணைப்பு என்ற வித்தையைப் பழக்கப்படுத்திக் காட்டியது. எல்லா மொழிகளும் கற்றுக்கொண்டன. இந்த வித்தையின் சூட்சுமத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நான் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கிறவன். காலையில் நாலு நாளிதழ் பார்க்கிறேன். நாலிலும் கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துகிறார். நாலிலும் அதே வாக்கியத்தில் நடத்துகிறார், ஏனென்றால் செய்திக்குறிப்பு ஒன்று. மந்திரி வந்தால் வரவேற்பு விளம்பரம், அதைச் சுற்றி வரவேற்புச் செய்தி. எழுதுகிறவர் பகுதி நேர நிருபர். சம்பளம் என்று சொல்லத்தக்க ஒன்று அவருக்கு இல்லை. விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் உண்டு. நகராட்சி டெண்டர் பற்றி எழுத வேண்டியவரும், டெண்டர் எடுத்தவரிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்க வேண்டியவரும் ஒரே ஆள். இவரைத் திட்டுவது சுலபம்; நம் கதைகளில் இவரை விதூஷகனாக்கிச் சிரித்தும் ஆயிற்று. இவரை இப்படி வைத்திருக்கிற கணக்கு சென்னையில் இருக்கிறது. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட விவகாரத்தைப் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு பெயர்களோடு எழுதிக் கொடுத்தது. கவுன்சில் 2010-ல் அதைச் சுருக்கி, பெயர்களை உதிர்த்துவிட்டு வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் உரிமைச் சட்டத்தின் தயவில் 2011-ல்தான் வந்தது.

அதைவிட நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. மாவட்ட இணைப்பு மாவட்ட எல்லையில் முடிகிறது. ஆறு அப்படி முடிவதில்லை. நொய்யல் கோயம்புத்தூரில் இறங்கி, திருப்பூரில் சாயத்தை வாங்கி, ஒரத்துப்பாளையத்து அணையில் அதைத் தேக்கி, கரூர்ப் பக்கம் போய்க் காவேரியில் சேர்கிறது. சாயம் கலக்கிற ஊருக்கு ஒரு இணைப்பு. வயல் பாழாகிற ஊருக்கு வேறொரு இணைப்பு. முதல் இணைப்பில் ஏற்றுமதிச் சாதனை, இரண்டாவதில் விவசாயிகள் மனு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கிற வாசகன் எங்குமே இல்லை. அப்படி ஒரு வாசகன் உருவாகாதபடி எந்தச் சர்க்கார் தணிக்கை அதிகாரியும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அது எல்லோருக்கும் செய்தி. அதுவரை அந்த ஆற்றைப் பற்றி ஒருவருக்கொருவர் தெரியாமலே இரண்டு கரைகளிலும் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளூர்ப் பத்திரிகை என்பது உள்ளூர்ப் பெயர்கள் அச்சாகிற பத்திரிகை இல்லை. எதை உள்ளூர் விஷயம் என்று எண்ணுவது என்று முடிவு செய்கிறவன் ஊருக்குள் வசிக்கிற பத்திரிகை. எங்கள் ஊரில் அப்படி ஒரு நாலு பக்க மாலை ஏடு இருந்தது. பிழை மலிந்த தமிழ். ஆசிரியருக்குக் கோள் சொல்வதில் ஆசை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எந்த நிலத்தை எடுக்கப் போகிறார்கள், அதை முந்தின வருஷம் யார் வாங்கிப் போட்டார் என்பது அதில்தான் வரும்.

பெரிய ஸ்தாபனமாக இருந்தால்தான் அரசை எதிர்க்க முடியும் என்பது இன்னொரு வாதம். நெருக்கடி நிலையில் கோயங்கா நின்றதைக் காட்டுவார்கள். நின்றார், மறுக்கவில்லை. 1972-ல் ஏகபோகத்தை ஒழிப்பதாகக் காகிதத்தைக் கையில் எடுத்த சர்க்கார்தான் 1975 ஜூன் 25 இரவு டில்லி அச்சகங்களின் மின்சாரத்தை வெட்டியது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த இருபத்தொரு மாதங்களில் பெரிய பத்திரிகைகளில் பெரும்பாலானவை என்ன செய்தன என்பதும் தெரிந்ததே. தணிக்கையைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தவை எவை? குஜராத்தில் சர்வோதயக்காரர்களின் 'பூமிபுத்ர'. பம்பாயில் மினு மசானியின் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்'. இரண்டும் நம் சிற்றேடுகளின் ஜாதி. தணிக்கைக்குப் பணிவதைவிட நிறுத்திவிடலாம் என்று 1976-ல் 'செமினார்' நிறுத்திக்கொண்டது. கோயங்காவின் விஷயத்திலும் அரசுக்கு வேலை சுலபமாகவே இருந்தது: இயக்குநர் குழுவை மாற்றி, கே. கே. பிர்லாவைத் தலைவராக உட்கார வைத்தார்கள். அத்தனை ஊர்ப் பதிப்புகளுக்கும் கழுத்து ஒன்று. ஒரு பிடி போதும். ஊர்தோறும் தனித்தனி ஏடுகள் இருந்தால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக வந்து பிடிக்க வேண்டும்.

அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்கிற தோழர்களுக்கு இலங்கை இருக்கிறது. 1973-ல் லேக் ஹவுஸ் ஸ்தாபனத்தின் பங்குகளில் முக்கால் பங்கைச் சட்டம் போட்டு அரசு எடுத்தது. காரணம் சொன்னது ஏகபோக ஒழிப்பு. விளைவு: கொழும்பில் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் பாட்டைப் பாடுகிற பத்திரிகைகள், தமிழ்த் 'தினகரன்' உட்பட. யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணத்திலிருந்தே எழுதியது 1959-ல் தொடங்கிய 'ஈழநாடு'. 1981-ல் நூலகம் எரிந்த அதே நாட்களில் அதன் அலுவலகமும் எரிக்கப்பட்டது. எரித்தவர்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகையின் மதிப்பு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கைப்பேசி வந்த பிறகு எல்லோரும் பேசலாம், உடைமைப் பேச்சே பழைய மார்க்ஸியப் பஞ்சாங்கம் என்கிறார்கள் சின்னவர்கள். எல்லோரும் பேசலாம், பேசுவதற்குச் செலவில்லை. வாரா வாரம் நகர்மன்றக் கூட்டத்தில் போய் உட்காருவதற்குச் செலவு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் எடுத்துப் பார்ப்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்கு ஆதாரமாக இருந்த விளம்பரப் பணம் இப்போது இரண்டு மூன்று அந்நியக் கம்பெனிகளின் வாசலில் குவிகிறது. உடைமை கரைந்துவிடவில்லை, கடல் தாண்டிப் போய்விட்டது.

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'எழுத்து' இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் போகாது என்று செல்லப்பா வரம்பு கட்டிக்கொண்டதை நாம் ஒரு விரதம் போலக் கொண்டாடுகிறோம். பெரும் பத்திரிகைகளிலிருந்து விலகி நிற்பதே சுதந்திரம் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டோம். விலகி நின்றதால் நம் கவிதை காப்பாற்றப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் விலகி நின்ற அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது பற்றி நமக்கு அபிப்ராயமே இல்லாமல் போயிற்று. போதாததற்கு, தீபாவளி மலரில் கவிதை கேட்டால் அன்றே அனுப்புகிறோம். ஞாயிறு இணைப்பில் பத்தி எழுதக் கூப்பிட்டால், அந்த ஸ்தாபனத்தைப் பற்றிப் போன வருஷம் எழுதியதை மறக்கிறோம். வியாபாரப் பத்திரிகையின் ரசனையைக் கிழிக்கிறவன் அதன் பங்குதாரர் பட்டியலைத் தொடுவதில்லை. தொடர்கதையின் அபத்தத்துக்குக் காரணம் தேடி வாசகனின் மூளை வரை போனோம். கணக்குப் புத்தகம் வரை போகவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் கிடையாது. மாவட்டப் பதிப்பின் முதல் பக்கத்திலேயே அந்த ஸ்தாபனத்துக்கு அந்த மாவட்டத்தில் வேறென்ன தொழில் என்று அச்சிடச் சொல்லலாம். அரசு விளம்பரத்தில் ஒரு பங்கு, ஊரிலேயே உடைமை உள்ள ஏடுகளுக்கு, எந்த மந்திரியும் கை வைக்க முடியாத கணக்கில், போக வேண்டும் என்று கேட்கலாம். மாத்யுவின் மாறுபட்ட தீர்ப்பை யாராவது தமிழில் கொண்டுவரலாம். சார்த்தரையும் காம்யுவையும் கொண்டுவந்த கைகளுக்கு அது சிரமமில்லை. 2002-ல் உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில், பெரும்பாலும் தலித் பெண்கள், அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்களும் சேர்ந்து, தங்கள் பேச்சு மொழியான புந்தேலியில் 'கபர் லஹரியா' என்று ஒரு ஏடு தொடங்கினார்கள். ரேஷன் கடையில் எடை குறைவது, கைப்பம்பு பழுதாகிக் கிடப்பது, பெண்ணை அடித்தவன் மேல் போலீஸ் புகார் வாங்காதது என்று செய்தி சேகரித்தார்கள். எழுதியவர்களே பிரதிகளைத் தோளில் சுமந்து கிராமம் கிராமமாகப் போய் விற்றார்கள். பஸ் இல்லாத இடத்துக்கு நடந்தே போனார்கள்.